பழையதும் பட்டியலில் இருக்கிறது

கைனகரி,
மிதுனம் 14, வெள்ளி.

என் அன்பு மகள் பிரசன்னாவுக்கு,

அச்சன் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைத்ததல்ல. எல்லாம் என் கை எழுத்துதான். எழுபத்தொரு வயதில், படகுத்துறைப் பள்ளியின் மாலை வகுப்பில், ஜமீலா டீச்சரிடம் கற்றது. ஓணத்துக்குக் கடிதம் எழுதி உன்னை அசத்தலாம் என்று மறைத்து வைத்திருந்தேன். இப்போது கள்ளுக்கடைப் பலகைமுதல் படகின் பெயர்வரை சத்தம்போட்டு வாசித்துக்கொண்டுதான் நடக்கிறேன். "வாயை மூடிட்டு வாங்க மனுஷா, ஊரே சிரிக்குது" என்கிறாள் உன் அம்மா.

இதை ஆஸ்பத்திரியிலேயே வாசித்துக் கிழித்துவிடு. அதற்காகத்தான், லீவு முடிந்து அங்கே வேலைக்குத் திரும்பும் ஏலியாம்மாவை, உன் டியூட்டி வார்டிலேயே வந்து தரச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

நீ அவளிடம் கொடுத்தனுப்பிய லேப்டாப் வந்தது. மறுநாளே மாப்பிள்ளை சுதேவன் அங்கிருந்து போன் செய்தான். "அச்சா, ஏலியாம்மா சேச்சி ஏதாவது கொண்டு வந்தாங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். சோப்பும் பால்பொடியும் வந்தது என்றேன். நேற்று மறுபடியும் கேட்டான். அடுத்த மாதம் லீவில் வருவதாகவும் சொன்னான். அந்த லேப்டாப் பெட்டி இப்போது நம் வீட்டில் இல்லை.

சர்டிபிகேட் நகல்களை டீச்சர் எடுத்துத் தரட்டும் என்று நீ சொன்னாயே, அது லேசில் நடக்கவில்லை. அதில் இருந்த சிஸ்டம் செத்துவிட்டது. டீச்சர் பள்ளிக்கூடத்து லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு எழுப்பினார். பெட்டி எழுந்தது. ஆனால் தன் வயிற்றுக்குள் இருக்கும் டிஸ்கே அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. செய்த கம்பெனியை மூடிவிட்டார்களாம், அந்த டிஸ்கோடு பேச எந்த சிஸ்டத்துக்கும் சொல்லிக்கொடுக்க ஆளில்லையாம். போலந்து நாட்டில் யாரோ ஒரு புண்ணியவான் தன் பெட்டிக்காக நாற்பது வரி எழுதிப் பொதுவில் போட்டிருக்கிறான். அதைச் சேர்த்துக் கர்னலையே புதிதாகக் கட்ட வேண்டும் என்றார் டீச்சர். கர்னல் என்றால் சிஸ்டத்தின் உயிர். தட்டுகிற கையையும் உள்ளே இருக்கிற பொருளையும் அதுதான் சேர்த்து வைக்கிறது. இப்படித்தான் எனக்குப் புரிந்தது.

பள்ளிக்கூடத்துக் கணினியில் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஒரு கர்னல் வேகும். முதல் தடவை பென் டிரைவில் இடம் போதவில்லை. பழைய கர்னலை அழித்து இடம் பண்ணப் பார்த்தார். நல்ல வேளை, பாலக்காட்டில் அவருடைய கூட்டாளி உண்ணித்தான் என்று ஒருவர் போனில் இருந்தார். "டீச்சரே, பைத்தியமா உங்களுக்கு? புதுசு நடக்குதான்னு பாக்காம பழசுல கை வைக்கிறீங்க. அது பாட்டுக்குப் பட்டியல்ல கிடக்கட்டும்" என்று திட்டினார். டீச்சர் வேறு எதையோ அழித்து இடம் பண்ணினார். பெட்டி எழும்போது எந்தக் கர்னல் வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டும், புதியதும் பழையதும் அதில் இருக்கும்.

அந்த மனிதருக்கு நூறு ஆயுசு. புதியது எழும்பும்போது திரை முழுக்க எழுத்து பாய்ந்தது, பிறகு அப்படியே நின்றது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். 'கர்னல் பானிக்', அதாவது பயந்துபோனேன் என்று பெட்டியே எழுதியிருக்கிறது என்றார். டிஸ்க்கும் போய்விட்டதோ, உன்னுடையதெல்லாம் என் கையால் அழிந்ததோ என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டார், பட்டியலில் பழையதைத் தொட்டார். ஒன்றும் நடக்காததுபோல் பெட்டி திரும்பி வந்தது.

இரண்டாம் தடவையும் அதே பயம், அதே திரும்பல். மூன்றாம் தடவை, புதனன்று, பச்சை நிறத்தில் வரிசையாக O, K என்று வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து அந்த இரண்டுதான். எல்லா வரியையும் வாசித்தேன். கடைசியில் டிஸ்க் தெரிந்தது.

டீச்சர் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போகும்முன், "குட்டன் சேட்டா, மலையாளத்துல பேர் போட்டிருக்கு, சர்டிபிகேட் எதுன்னு நீங்களே வாசிச்சு வைங்க, பரீட்சைன்னு நெனச்சுக்குங்க" என்றார். வாசித்தேன். சர்டிபிகேட்டுக்குக் கீழே 'நாட்கள்' என்று ஒன்று இருந்தது. வேறு எதையும் திறக்காதீங்க என்று நீ சொல்லியிருந்தாய். ஒரு சொல்லை வாசிக்க முடிந்த சந்தோஷத்தில் திறந்துவிட்டேன், மகளே.

ஒரு பக்கம்தான் வாசித்தேன். என் வேகத்துக்கு ஒரு பக்கமே நீளம்.

முதல் வரியில் தேதி. அடுத்த வரியில் 'இடது காது'. அந்த வாரம் போனில், காதில் தண்ணீர் போய்விட்டது, சத்தமாகப் பேசுங்க அச்சா என்றாய். நான் சத்தமாகப் பேசினேன். அதற்குக் கீழே விஷு நாள். 'அச்சனிடம் சொன்னேன். கொஞ்சம் பொறுத்துப்போ என்றார்.' அந்த வரியை எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடியும் வாசித்தேன். சரியாகத்தான் வாசித்திருந்தேன்.

டீச்சர் வந்து என் முகத்தைப் பார்த்தார். திரையில் திறந்திருந்த பக்கத்தையும் பார்த்தார். எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்தார். ஒன்று அவர் அலமாரியில். இன்னொன்று ஏலியாம்மா கொண்டுவரும் பலாப்பழச் சக்கை வரட்டி டப்பாவின் அடியில். லேப்டாப்பும் அவரிடமே பூட்டியிருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் அறை ஜன்னலைச் சரிபண்ணச் சொன்னேன், மெத்தையை வெயிலில் போடச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் செய்துவிட்டாள். அவளுக்கும் தெரியும்போல.

விஷு அன்று நான் சொன்னதைக் கேட்காதே. அன்று எனக்கு வாசிக்கத் தெரியாது.

பெரிய பதில் எழுத நேரமோ மறைவோ கிடைக்காவிட்டால், ஒரு துண்டுத் தாளில் O, K என்ற அந்த இரண்டு எழுத்தை மட்டும் எழுதி ஏலியாம்மாவிடம் கொடு, நீ வீட்டுக்கு வருகிறாய் என்று புரிந்துகொள்வேன். ஆலப்புழைக்கு எந்த பஸ், நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு எந்த பஸ், எல்லாப் பலகையும் இப்போது எனக்குத் தெரியும். தனியாகவே வந்து நிற்பேன்.

உன் உடம்பில் இனி ஒரு காயமும் படாமல் பகவதி காக்கட்டும். நீ எதை எழுதினாலும் இனி அச்சன் வாசிப்பேன்.

என்றும் உன்,
கொச்சுகுட்டன்