செலீன் கொண்டுவந்த இடியப்பம்

அஜின்கோர்ட்
05.06.2009

அன்புள்ள மகள் கஜனிக்கு,

நீ அங்கே நியூசிலாந்தில் சுகம் என்று நினைத்து எழுதவேண்டும், நாங்கள் இங்கே சுகம் என்றும் எழுதவேண்டும், இரண்டையும் எழுதிவிட்டேன், இரண்டாவதை நம்பாதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் கிருபன் மாமா எடுக்கிற நேரத்தில் லைன் பிஸியாக இருக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஏப்ரல் கடைசியில் வன்னியிலிருந்து தன் தமக்கையான உன் அம்மாவோடு இரண்டு நிமிஷம் கதைத்தவன், அதன்பிறகு சத்தமே இல்லை. சண்டை முடிந்தது என்று மே பதினெட்டாம் திகதி செய்தியில் சொன்னபோது நான் இங்கே யூனிவர்சிற்றி அவெனியூத் தெருவில், சண்டையை நிறுத்து என்ற பதாகையோடு நின்றேன். பத்தாம் வகுப்புத் தாண்டாத தகப்பனும் கடைசியில் யூனிவர்சிற்றிக்குப் போய்விட்டான் என்று நீ சிரிக்கலாம், நாங்கள் தொண்டை கிழியக் கத்திய பாடத்தைக் கேட்கத்தான் ஒருவரும் வரவில்லை.

இருபத்தேழாம் திகதி வேலையில் நிற்கும்போது என் செல்லுக்கு ஓர் அழைப்பு வந்தது. வவுனியா முகாமுக்குள்ளிருந்து யேசுரட்ணம் என்று ஒருவர், மாமாவோடு ஒரே பங்கருக்குள் இருந்தவராம். கிருபன் பதினைந்தாம் திகதி தண்ணி எடுக்கப் போனவர், அந்தப் பக்கம் ஷெல் விழுந்தது, பிறகு நான் காணேல்லை அண்ணை, பாக்கப் போன ஆக்களும் திரும்பேல்லை என்றார். காணேல்லை என்பதை அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் பகிடி விடுகிற இந்த வாய் உன் அம்மாவுக்கு முன்னால் பூட்டிக்கொண்டது. என்னோடு வேலை செய்கிற, எங்களுக்குக் கீழ்மாடியில் இருக்கிற பஸ்ரியனிடம் மட்டும் கார் பார்க்கில் வைத்துச் சொன்னேன், அவன் மனைவி செலீனிடம் சொன்னான், உன் அம்மா இராஜேஸ்வரிக்கு இன்னும் தெரியாது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டான். அடுத்தநாள் பின்னேரம் செலீன் ஒரு பெரிய சட்டி இடியப்பமும் சொதியும் சம்பலுமாக வாசலில் வந்து நிற்கிறா. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொடுக்கவேண்டும், அவ அதைத்தான் செய்தா. அம்மா சட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. “செலீன், ஆரின்ரை செத்தவீடெண்டு உதைத் தூக்கிக்கொண்டு வந்தனீர்?” என்று கேட்டா. “இல்லையக்கா, சும்மா, கூடச் சமைச்சிட்டன்” என்று அவ திணற, “ஆறு பேருக்குச் சும்மாவோ?” என்று கதவைச் சாத்திவிட்டு வந்து நான்கு அடுப்பையும் ஒன்றாக மூட்டினா. என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு கிழமையாகப் புட்டு, பருப்பு, கத்தரிக்காய், மறுபடி புட்டு. ஃபிறிட்ஜைத் திறந்தால் பருப்புச் சட்டி காலில் விழுந்து கும்பிடுகிறது. அடுப்பைவிட அம்மாவின் கடுப்பில்தான் வீடு கொதித்தது.

நெருப்பில் சமைக்கப் பழகித்தான் எங்கள் பல்லும் குடலும் சிறுத்தன, இனிப் பச்சையாகத் தின்று பிழைக்க முடியாது, பழக்கம் உடம்பையே திருத்தி எழுதிவிட்டது என்று, ஆதி மனிதரைப் பற்றிப் படிக்கிற நீ போன நத்தார் லீவில் சொன்னாய். என் தொப்பை எந்த நெருப்பின் எழுத்துப்பிழை என்று கேட்டுப் படிப்பைப் பகிடியாக்கினேன். இப்போது வேலையில் நின்றுகொண்டு அதையேதான் யோசிக்கிறேன். நெருப்பில்லாமல் வாழமுடியாத உடம்பு, துக்கம் வந்தால் நெருப்பு மூட்ட எழும்பாத மனம், இந்த இரண்டுக்கும் நடுவில் பக்கத்து வீட்டுச் சட்டியை வைத்திருக்கிறார்கள். பல்லெல்லாம் போனபிறகும் பல வருஷம் உயிரோடிருந்த ஒரு பழைய மனிதரின் தாடையைப் பற்றியும் சொன்னாய், யாரோ சாப்பாடு பார்த்துக் கொடுத்திருக்கவேண்டும் என்றாய். வன்னியில் கஞ்சிக்கு நின்ற வரிசையிலும் ஷெல் விழுந்ததாம் பிள்ளை. இலட்சக்கணக்கான வருஷம் எடுத்துச் செய்ததை ஐந்து மாதத்தில் அவிழ்த்துவிட்டார்கள். மனிதர் எங்கேயிருந்து வந்தார்கள் என்று நீ படி, எங்கே போனார்கள் என்று என்னைக் கேட்காதே.

நேற்று வேலையால் வர வீடு சத்தமில்லாமல் இருந்தது. நான்கு அடுப்பும் அணைந்து கிடக்க அம்மா குசினி நிலத்தில் இருந்தா. “எனக்குத் தெரியுமப்பா, செலீனை வாசலிலை கண்டவுடனை தெரியும்” என்றா. பிறகு, “பசிக்குது, செலீனிட்டை ஏதும் வாங்கிக்கொண்டு வாங்கோ” என்றா. ஃபிறிட்ஜுக்குள் ஒரு கலியாணத்துக்கே காணும் சாப்பாடு கிடந்தது. ஆனாலும் கீழே போனேன், செலீன் தங்களுக்கென்று அவித்ததை அப்படியே தந்தா. அம்மா முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் அழுதா.

இன்று காலை ஐயருக்குப் போன் எடுத்தோம். முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக்கு நாள் எண்ண, இறந்த திகதி வேண்டும் என்றார். கடைசியாகக் கண்டது பதினைந்து, அதற்குமேல் ஒருவருக்கும் தெரியாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்க அம்மா போனைப் பறித்து, “பதினெட்டெண்டு போடுங்கோ ஐயா, மூண்டு நாள் கூட இருந்திட்டுப் போகட்டும்” என்றா. ஐயரும் எழுதிக்கொண்டார்.

பதினேழாம் திகதி இங்கே அந்தியேட்டி. பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவராதே, வந்து மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. ஆசீர்வாதம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் நீ நீண்டகாலம் இருக்கவேண்டும் பிள்ளை. அம்மாவோடு கதைக்கும்போது கவனம், மாமா போன திகதியை யார் கேட்டாலும் பதினெட்டு என்றே சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
பத்மநாதன்