இரண்டு அட்டை, ஒரு மரம்

அன்புள்ள மதினி,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பெட்ரோல் குடித்து நனைந்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், கோவில்பட்டியில் நம் வீட்டு வாசலில், லாரியின் பக்கத்தில் நீங்கள் குத்தவைத்து உட்கார்ந்திருந்த அந்தச் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்தது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது.

ஊரில் எல்லோரும் டீசலுக்கு மாறிவிட்ட தொண்ணூறுகளிலும் அண்ணன் அந்தப் பழைய பெட்ரோல் லாரியை விடவில்லை. பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக் கரிசல் காட்டுக்கெல்லாம் ஓட்டினார். அவர் சங்கரன்கோவில் போயிருந்த சனிக்கிழமை, தண்ணீர் நிரப்பி நின்ற வண்டியில் ஆறு பிளக்கையும் நானே மாற்றினேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர்தான். பழையதைக் கையோடு கொண்டுபோய், மரையின் நீளம் ஒத்துப் பார்த்துத்தான் வாங்கினேன், அதில் தப்பில்லை. பொறி தாவுகிற இடைவெளிக்கு எப்போதோ ஒரு மெக்கானிக் சொன்ன அளவு நினைவில் இருந்தது: தீப்பெட்டிச் சுவரின் கனம். தீப்பெட்டிக்கு நம் ஊரிலா பஞ்சம்? ஒரு பெட்டியைக் கிழித்து, அந்த அளவுக்கு வைத்து, மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வண்டி வாசலை விட்டு நகரவில்லை. இருமியது, உதறியது, நின்றது. ஓட்டப்பிடாரம் ரோட்டில் ஆடுகளைக் கிடை போட்டிருந்தவர் சைக்கிளில் வந்து எதிரே நின்றார்.

"நேத்து மத்தியானத்துலேருந்து பொட்டுத் தண்ணி இல்ல அண்ணாச்சி. ரெண்டு குட்டி படுத்துட்டு" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் என்னைக் கொன்றது. வேறு தண்ணீர் லாரி எதுவும் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். நீங்கள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸுக்கு அன்று லீவு.

"என்ன கொழுந்தனாரே, வண்டி இப்படி இருமுது?"

கழற்றி வைத்திருந்த பிளக்கை எடுத்துப் பார்த்தீர்கள். புதுப் பிளக், அதற்குள் கறுத்துப் போயிருந்தது. "எதை வச்சு அளந்தீங்க?" என்று கேட்டதும், மெக்கானிக் சொன்ன கணக்கைச் சொல்லி, கிழித்த பெட்டியைக் காட்டினேன். அதை இரண்டு விரலுக்கு நடுவே ஒருமுறை தேய்த்தீர்கள், அவ்வளவுதான்.

"இது வெறும் அட்டைல்லா! அவிய சொன்னது மரப்பெட்டி காலத்துல. மரச்சீவல் கனம் இதுக்கு வருமா? ரெண்டு அட்டை சேந்தாத்தான் ஒரு மரம்."

சின்ன வயதிலிருந்து பெட்டி ஒட்டிய கை. நான் நாலு வருஷம் வண்டியோடு கிடந்தும் எனக்கு உறைக்காதது, உங்களுக்கு ஒரு தேய்ப்பில் தெரிந்துவிட்டது. அட்டைகள் இரண்டை ஒன்றாகப் பிடித்தீர்கள். நான் குறட்டின் முனையால் கம்பியை நெம்ப, நீங்கள் "இன்னும்... இன்னும்... போதும்" என்றீர்கள். மூன்றாவது பிளக்கிலிருந்து அட்டையையே தொடவில்லை. கட்டைவிரல் நகத்தை இடைவெளியில் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள். எனக்குப் பயமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது.

முதல் திருப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரும் ஒரே சீராக ஓடிய சத்தத்தை இன்றும் கேட்கிறேன். பத்து மணிக்குக் கிடைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆடு குடிக்கிற தொட்டியில் தண்ணீர் விழுந்த சத்தத்துக்கே ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. படுத்திருந்த குட்டிகளுக்கு அவர் உள்ளங்கையில் ஏந்திப் புகட்டினார். இரண்டும் எழுந்து நின்றன.

சாயங்காலம் அண்ணன் வந்து, வண்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, "யாரு பிளக் வச்சது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் "எல்லாம் ஒங்க தம்பிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். அண்ணன் என் தோளில் தட்டினார். நான் சும்மா இருந்துவிட்டேன்.

சில மாதம் கழித்துப் பட்டறையில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தார்கள். அந்த வண்டிக்குச் சரியான அளவு, இருபத்தைந்து என்று எண் போட்ட தகடு, ஆறு பிளக்கிலும் இம்மி பிசகாமல் நுழைந்தது. ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். "அதுல என்ன இருக்கு?" என்று முறத்தைத் தட்டினீர்கள். அப்போதும் அண்ணனிடம் சொல்லவில்லை. வருஷம் ஆக ஆக, சொல்வது கூச்சமாகிவிட்டது.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும்தான் அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்லே. ஒன் மதினி நகக்கண்ணுல கரி இருந்துச்சு. ஒங்க தம்பியே ஒருநா சொல்லுவாரு, நீங்க கேக்காதீங்கன்னு சொல்லிட்டே இருந்தா."

நான் சொல்வேன் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்திருக்கிறீர்கள். வெட்கமாக இருக்கிறது, மதினி. இப்போதும் பிளக் மாட்டும்போது கேஜை எடுப்பதற்கு முன்னால், கண்ணை மூடி நகத்தை விட்டுப் பார்க்கிறேன். பிறகு தகட்டை நுழைக்கிறேன். ஒரு தடவைகூட ஒத்து வந்ததில்லை.