ஹாலிஸின் முழங்கால்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி உங்களைவிடச் சோம்பேறியாகி ஓய்ந்திருக்கும் என்று நம்புகிறேன். அம்மா நலமா? நான் நலம், எடைதான் அநியாயத்துக்குக் கூடுகிறது.

எங்கள் விடுதி ஃபேன்டசி ஃபுட்பாலில் நான்தான் முதலிடம். அதுதான் அப்பா, நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குச் சிலராகத் தேர்ந்தெடுத்து, களத்தில் அவர்கள் எடுக்கும் புள்ளிகளை நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் போட்டி. என் அறைத்தோழன் வெண்டலின் அண்ணன் ஹாலிஸ் நிஜமான அமெரிக்க ஃபுட்பால் அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் அல்லவா? வெண்டல் அவரைத்தான் முதலில் எடுத்தான். விவரமானவன், அவர் அடிபட்டால் களமிறங்கும் மாற்று ஆட்டக்காரனையும் சேர்த்தே எடுப்பான். மாற்று ஆளை மதிப்பிட அவன் காலைப் பார்க்கக் கூடாது அப்பா, அவனுக்கு முன்னால் நிற்கிறவன் காலைப் பார்க்க வேண்டும்.

“எங்கண்ணன் விழணும்னு நானே காத்திருக்கணுமாடா?” என்றான் வெண்டல்.

“நீ அன்பை வச்சுக்கோ, நான் ஆளை வச்சுக்கிறேன்” என்று மாற்றை நான் எடுத்தேன். பிறகு தினமும் காலையில், “உங்கண்ணன் முட்டி எப்படிடா இருக்கு? என் பையன் பெஞ்சுல துருப்பிடிக்கிறான்” என்று விசாரிப்பேன். அவனும் சிரிப்பான்.

போன ஞாயிறு ஆட்டத்தின் நடுவே அந்த முட்டி போய்விட்டது, என் பையன் களமிறங்கினான். டிவி முன்னால் நான் சோபாமேல் ஏறி ஆடினேன், பையன்கள் முதுகில் தட்டினார்கள். வெண்டல் போனில், “அழாதீங்கம்மா. சத்தமா? இங்க பசங்க ஏதோ கொண்டாடுறாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் ஜெயித்தேன். வெண்டல் மூன்றாம் மாடிக்கு மாறிவிட்டான். கவலைப்பட ஒன்றுமில்லை, அறை விசாலமாக இருக்கிறது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அம்மாவின் பீச் ஜாமும் வேண்டும். சின்ன பாட்டிலே போதும், ஒருவன்தானே தின்கிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
கோல்பி