காமாலை என்று எழுத மாட்டேன்

என் அருமை அப்பா,

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. இன்று பயத்தில்தான் எழுதுகிறேன். போன வாரம் மதுரையிலிருந்து வக்கீல் குமாஸ்தா போன் செய்தார். "கேஸ் லிஸ்ட்ல வந்திருக்கும்மா, அப்பாவ ஒரு நடை வரச் சொல்லுங்க" என்றார். நீங்கள் இறந்ததையே அவருக்கு நாங்கள் சொல்லவில்லை.

"வருஷம் திரும்புற வரைக்கும் கோர்ட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதுடி. துக்க வீடுன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன?" என்று நீங்கள் போனபோதே சொல்லியிருந்தாள் அம்மா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மண்டு நான்!

நீங்கள் இறந்ததைச் சொன்னதும்தான் குமாஸ்தா விளக்கினார். அப்பீல் போட்டவர் இறந்தால் தொண்ணூறு நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் அப்பீல் தானாகவே அற்றுப்போகுமாம். நீதிபதி வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

சித்தப்பா போட்ட வழக்கில் முன்சீப் கோர்ட்டில் நீங்கள் ஜெயித்தீர்கள். தஞ்சாவூர் அப்பீலில் அவர் ஜெயித்தார். மதுரை ஹைகோர்ட்டில் நீங்கள் வாங்கிய தடை உத்தரவுதான் பூதலூர் நிலத்தை இதுவரை காத்தது. அப்பீல் அற்றுப்போனால் அந்தத் தடையும் போய்விடும்; சித்தப்பா கோர்ட் அமீனாவோடு வந்து நிலத்தை எடுத்துக்கொள்வார். உங்கள் காரியத்தில் முதல் ஆளாக அழுததும் அவர்தான், அப்பா.

சம்பா பால் பிடித்து நிற்கிறது. வாசலில் பைக் நின்றாலே அமீனாவோ என்று ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் பேச்சால் நிலம் போகலாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போடலாமாம். நீதிபதி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். "உங்களுக்கு மஞ்சக்காமாலை, அதான் வர முடியலன்னு போட்ருவோம்மா. எல்லாரும் அதான் போடுவாங்க" என்றார் குமாஸ்தா. பொய்ச்சத்தியம் செய்து மாட்டிக்கொண்டால்? உண்மையைச் சொல்லி, கோர்ட்டே சிரித்துவிட்டால்?

நேற்று மதுரை போய் வக்கீலைப் பார்த்தேன். "காமாலை வேண்டாம் சார். வருஷம் திரும்பாம வரக் கூடாதுன்னு இருந்துட்டோம். அதையே எழுதுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எழுதுறேம்மா. ஜட்ஜ் ஏத்துக்குவாருன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

வாரிசுகளைச் சேர்க்கும் மனுவைக் காட்டினார். உங்கள் பெயரை அவர்கள் நீக்கவில்லை, அப்பா. பக்கத்தில் 'இறந்துவிட்டார்' என்று மட்டும் போட்டிருந்தது. கீழே அம்மா பெயர், அடுத்து என் பெயர். அங்கேயே அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை விசாரணைக்கு மறுபடியும் மதுரைக்குப் போகிறேன். பயம் துளிகூடக் குறையவில்லை. ஆனாலும் கோர்ட்டில் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நான் எழுந்து நிற்பேன். இது சத்தியம்.

மனுவில் உங்களுக்குக் கீழே நிற்கும்,
உங்கள் பெரிய மகள்