பிங்கா ஓயாவின் அளவுப் பலகை

நானா,

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில், மகாவலி ஆறு எத்தனை அடி ஓடுகிறது என்று உங்கள் அளவுப் பலகையைப் பார்க்க இறங்கி, சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். மூன்று பிள்ளைகளின் தகப்பன், விரித்த குடையோடு. உடுப்புத் தோய்த்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? கையில் உங்கள் பழைய குறிப்புப் புத்தகம். நீங்கள் மௌத்தாகி அடக்கமான பிறகு இந்தப் பலகையும் என் தலையில்தான் விழுந்தது.

அதைத் திறந்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அடி, அங்குலம், நேரம்; காய்ச்சலில் கிடந்த நாட்களில் "பார்க்கவில்லை" என்று ஒரே சொல். ஆற்றின் மேல்பக்கம் பேராதனைப் பலகைக்கு நான் எழுதிய புத்தகத்தில் ஒரு வெற்றிடம் கிடையாது. ஆனாலும் எஞ்சினியர் துரை உங்களுக்குத்தான் கதிரை போடச் சொல்வார். நான் நின்றபடி அந்தக் கதிரையின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த மழைக் கிழமை ஞாபகமா? என் புத்தகத்தில் ஏழு நாளும் நான்கு அடி. உங்களுடையதில் ஒன்பது அடிவரை ஏறியிருந்தது. துரை இரண்டையும் பக்கத்தில் வைத்து, "மேலே ஏறாத ஆறு கீழே எப்படி ஏறியது? உங்களில் ஒருவன் பொய் எழுதியிருக்கிறான்" என்றார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "தொர, நடுவுல பிங்கா ஓயா ஆறு வந்து மகாவலில விழுது. எங்கட அலவத்துகொடப் பக்கம் நல்ல மழ. அந்தத் தண்ணிய அளக்க ஒரு பலகயும் இல்லயே."

துரையின் முகம் மலர்ந்தது. அடுத்த மாதமே பிங்கா ஓயாவிலும் பலகை நட்டார்கள். அதைப் பார்க்கும் பொறுப்பும் உங்களுக்கே. என் வேலையைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்ல வேண்டிய நான், "பாரன், எனக்கு ஒரு பலகை, அவருக்கு ரெண்டு!" என்று வீட்டில் புலம்பினேன். மனைவி பாக்கு வெட்டிக்கொண்டே, "ஏழு நாளும் நாலு அடியோ? உங்கட ஆறு நித்திரையோ?" என்றாள்.

பிறகொரு நாள் தேத்தண்ணீர்க் கடையில் நீங்களும் கேட்டீர்கள்: "தம்பி, அந்தக் கிழம பேராதனைல மழையே இல்லயா?"

"தூறல்தான், நானா."

என் முகத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு, சீனிப் போத்தலை என் பக்கம் தள்ளினீர்கள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையிலும் எனக்குப் பொறாமைதான்.

இப்போது மழையோ வெயிலோ, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கடையில் உங்களிடம் சொல்ல வாய் வராதது இதுதான்: அந்தக் கிழமை பேராதனையிலும் மழை கொட்டியது, நானா. நான் ஆற்றுப் பக்கமே போகவில்லை.