கண்ணிழந்தோர் சட்டத்தைப் படித்தவளை அனுப்ப மறுத்த ஓலை

அலை ஓயாத முத்தலைத்துறையையும் அதன் பன்னிரண்டு உப்பளங்களையும் ஆளும் வெண்குயிலி நாச்சி, செருந்தி நாட்டுப் பேரரசின் தலைமை அமைச்சர் பெருங்கோவேளார்க்கு எழுதுவிக்கும் ஓலை. பேரரசர் கோல் வளையாதிருக்க. தலைநகரில் மழை பிழையாதிருக்க. இவ்வோலை தங்களை உடல்நலத்தோடு காண்க.

எம் துறையின் அறநூற் கல்லூரியில் பயிலும் மாணவி அல்லியங்கோதையையும், அவள் தந்தையான களஞ்சிய எழுத்தன் பொறையனையும் விலங்கிட்டு அனுப்புமாறு தாங்கள் விடுத்த ஆணை கிடைத்தது. விடை கூறுமுன், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுகிறோம்.

அல்லியங்கோதை பயில்வது நலிந்தோர் காப்புச் சட்டங்களை. முதலாண்டில் முப்பத்தாறு விதிகளையும் தலைகீழாக ஒப்பிப்பாள். அவற்றால் பசியாறுவோர் எவரென்று ஒருநாளும் எண்ணியதில்லை என்று எம்மிடம் அவளே நாணத்தோடு கூறினாள். இரண்டாமாண்டில், ஒரு விதியைத் தேர்ந்து, அது மக்களிடம் எவ்வாறு சென்று சேர்கிறது என்று நேரில் கண்டு எழுதுவது மாணவர் கடமை. அவள் தேர்ந்தது பதினோராம் விதி. உப்பளத்து வெயிலொளியில் கண்ணிழந்தவர்க்கு ஆயுளுள்ளளவும் அரசுக் களஞ்சியம் நெல் அளக்க வேண்டும் என்பது அது.

களஞ்சிய வாயிலில் அவள் கண்டதோ வேறு. நெல் கேட்டு வருவோர், அடுக்கிய ஓலைகளுள் தம் பெயர் எழுதியதைத் தாமே கண்டெடுத்துத் தரவேண்டும் என்றனர் காவலர். இயலாதவர் வெறுங்கையோடு திரும்பினர். அவருள் உலகன் என்னும் முதியவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே தருகிறோம்: "பேரு தெரியிற கண்ணு இருந்தா நாங்க ஏன் தாயி இங்க வந்து நிக்கிறோம்?"

அன்றே அவள் கல்லூரிக்குத் திரும்பினாள். கல்லூரியில் காக்கப்படும் மூலச் செப்பேட்டையும் களஞ்சியத்து ஓலைப்படியையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். செப்பேட்டில் அந்த நிபந்தனை இல்லை. ஓலையில் இருந்தது, அதை எழுதிய கையோ, அவளுக்கு அரிச்சுவடி எழுதித் தந்த அதே கை. தந்தையிடம் கேட்டாள். தலைநகரிலிருந்து வந்த ஆணைப்படி இடைச்செருகியதாக ஒப்புக்கொண்ட பொறையன், வெளியே சொன்னால் இருவரும் அழிவோம் என்று மன்றாடினான். அவள் எழுந்து கல்லூரிக்குப் போனாள்.

மறுநாள், கண்ணிழந்தோர் நாற்பதின்மரை ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரச்செய்து, கல்லூரியார் இசைவோடு கொணர்ந்த செப்பேட்டைக் களஞ்சிய வாயிலில் உரக்க வாசித்தாள். அது பொய்யேடு என்று காவலர் தலைவன் பறிக்க வந்தபோது, உள்ளிருந்து பொறையன் வெளிப்பட்டான்.

"அவ படிச்சதுதான் சட்டம். மத்தது நான் எழுதுனது" என்றான்.

அதற்குமேல் எவரும் தடுக்கவில்லை. நாற்பதின்மரும் நெல் பெற்று வீடு சேர்ந்தனர்.

இதனைக் கலகம் என்கிறீர். சட்டம் ஒப்பிப்பதற்கே, ஆராய்வதற்கு அன்று என்கிறீர். ஆகவே அப்பாடத்தை நிறுத்துக என்றும் எழுதியுள்ளீர். எம் பரதவர் வலையைக்கூடக் கிழிசல் பார்த்தே கடலில் இடுவர். ஏழை வயிற்றைக் காக்கும் சட்டத்தில் கிழிசல் பார்க்கலாகாது என்பது எவ்வூர் முறை? பேரரசர் முத்திரையிட்ட விதியில் கைவைத்தவரை விட்டு, அதனை வாசித்தவளை விலங்கிடச் சொல்வது எந்த அறம்?

பாடம் நிற்காது. பொறையன் செய்த பிழையை எம் மன்றமே விசாரிக்கும். அவனை ஏவியவர் எவர் என்றும் அம்மன்றம் கேட்கும். இதன் பொருட்டு அங்கிருந்து படை புறப்படுமாயின், இங்கிருந்து உப்பு வண்டிகள் புறப்படா.

இன்று முதல் பன்னிரண்டு உப்பளங்களிலும் பதினோராம் விதி மூலத்தில் உள்ளபடியே நடக்க. களஞ்சிய வாயில்தோறும் திங்களுக்கொரு முறை அது உரக்க வாசிக்கப்படுக. தடுப்பவர் எத்தரத்தவராயினும் எம் பகைவர் எனக் கொள்க. இஃது எம் ஆணை. இரட்டைச் சுறா இலச்சினை பொறித்தோம்.

இவ்வோலை கொணரும் தூதனோடு அல்லியங்கோதை வரவில்லை. அவள் தன் கையால் பெயர்த்தெழுதிய செப்பேட்டின் படி வருகிறது. பேரரசர் செவிகேட்க, அவையில் அதனைத் தாங்களே வாசிக்க.