கைதட்டலை நிறுத்தியவளுக்கு

பெட்டியைத் திறந்ததும் குப்பென்று தைல வாசம். போன பயணத்தில் நீ மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்து என் ஸ்வெட்டர் இரண்டும் நனைந்ததே, அந்த நீலகிரித் தைலம்தான். எத்தனை தடவை துவைத்தும் போகமாட்டேன் என்கிறது. "பிளேன்ல தலை சுத்துனா எவ தைலம் குடுப்பா?" என்று நீ சண்டைக்கு வந்தது இன்னும் காதில் நிற்கிறது. எனக்கு இப்போது பிளேன் ஏறாமலேயே தலை சுற்றுகிறது.

இரண்டு வருஷம் கழித்து நேபாளத்திலிருந்து மறுபடி அழைத்திருக்கிறார்கள். காது கேளாத பிள்ளைகளைக் கேட்கவும் பேசவும் பழக்குவது எப்படி என்று அங்குள்ள நர்சுகளுக்கும் டீச்சர்களுக்கும் நாம் இருவரும் போய்ச் சொல்லிக்கொடுத்தோமே, அதே பயிற்சி. வருகிறேனா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து பெட்டியை அடுக்குவதும் கலைப்பதுமாக இருக்கிறேன். பயமாக இருக்கிறதடி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

காய்ச்சல் என்று பஸ் ஏறி மலையிலிருந்து சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கியவள் நீ. "திங்கக்கெழம வந்துருவேன் புள்ள. பசங்க மிசினெல்லாம் ஈரம் படாமப் பாத்துக்க" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாய். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏற்காட்டில் மழை விட்டபாடில்லை. பிள்ளைகளின் காதுக் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து டப்பாவில் வைக்கிறேன். ஆனால் அடிவாரத்திலிருந்து உன்னை மேலே கொண்டுவந்தது பஸ் இல்லை.

நேபாளத்தில் நாம் பயிற்சி கொடுத்த அந்த மாடி அறைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. பயிற்சிக்கு வந்த நர்ஸ் ஒருத்தி, நாம் காட்டியபடியே ஒரு பெண்குழந்தையின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தரையில் இருந்த சின்ன மேளத்தைத் தட்டினாள். குழந்தை சட்டென்று திரும்பியது. அறை முழுக்கக் கைதட்டல். நானும் சேர்ந்துதான் தட்டினேன். குழந்தையின் அம்மா அழுதுகொண்டே எழுந்து ஏதோ சொன்னாள். நமக்கு மொழிபெயர்த்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்: "பாப்பாவுக்குக் காது கேட்குதாம். இனி ஆபரேஷன் வேண்டாம்னு இவங்களே ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லிடப்போறாங்களாம்."

காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் அது. அந்த அம்மா அலையாய் அலைந்து தேதி வாங்கியிருந்தாள்.

நீ மட்டும் தட்டவில்லை. வெறுங்காலைத் தரையில் அழுத்தி எதையோ கவனித்துக்கொண்டிருந்தாய். "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாய், தமிழிலேயே. அத்தனை பேரும் நிறுத்திவிட்டார்கள். நீ போய் மேளத்தைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, மறுபடி தட்டச் சொன்னாய். குழந்தை பாட்டுக்குப் பொம்மையைக் கடித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் இன்னும் பலமாகத் தட்டினாள். ஊஹும், திரும்பவே இல்லை. அது மரத்தரை. மேளம் தரையில் இருந்தபோது அதிர்வு குழந்தையின் காலுக்குப் போயிருக்கிறது. காதுக்கு ஒன்றும் போகவில்லை. ஏற்காட்டில் சர்ச்சுக்குப் பின்னால் நாம் பிள்ளைகளைப் பழக்கும் மையத்தில் சிமெண்ட் தரை. அதனால் இப்படி ஏமாந்துபோக முடியும் என்பதே நமக்குத் தெரியாது.

அந்த அம்மா உன்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! "கிடைச்சதை ஏன் பிடுங்குனீங்கன்னு கேட்கிறாங்க" என்றாள் மொழிபெயர்த்தவள், தலையைக் குனிந்துகொண்டு. நீ அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாய். "எத்தன வேணா என்னைய வஞ்சுக்க கண்ணு. ஆபரேசனை மட்டும் உட்றாத" என்றாய். அவள் உன் கையைத் தட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை நீ. "உனக்கு மட்டும் எப்படிடீ பயமே வரமாட்டேங்குது?" என்று கேட்டேன்.

"ஆரு சொன்னா? நொம்பப் பயமா இருந்துச்சு புள்ள. எனக்குத் தப்பாப் பட்டிருந்தா? அந்தப் பொண்ணோட சந்தோசத்த சும்மாவே கெடுத்தவளா ஆயிருப்பேனே" என்றாய்.

இந்தத் தடவை அந்த அறையில் நீ இருக்கமாட்டாய். நான் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். ஊர் ஊராகப் போய் அதையே செய்வார்கள். நான் ஒரு தடவை தப்பாகக் கைதட்டினால் எத்தனை வீட்டில் ஆபரேஷன் வேண்டாம் என்பார்களோ! வரமுடியாது என்று சொல்லிவிடத்தான் போனை எடுத்தேன்.

அதற்குள் மொழிபெயர்த்த பெண்ணிடமிருந்து செய்தி வந்திருந்தது. அந்த அம்மா பயிற்சிக்கு வருகிறாளாம். ஆபரேஷன் முடிந்து, பழக்கி, குழந்தை இப்போது ஓயாமல் பேசி உயிரை வாங்குகிறதாம். "என்னை அழவெச்சவங்களும் வர்றாங்கதானே? என் பொண்ணு பேசுறதை அவங்க கேட்கணும்" என்று கேட்கச் சொன்னாளாம்.

பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதேன். உனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்றுதான் பொறுக்கவில்லை.

"அவங்க இறந்துட்டாங்க. நான் வர்றேன்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகும் பயம் ஒரு துளி குறையவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், அது நீ எனக்கு விட்டுப்போனது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். நான் முதலில் நன்றாகக் கேட்டுப் பார்ப்பேன். அப்புறம்தான் தட்டுவேன், உனக்கும் சேர்த்து.